பனிமலையின் மக்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் ஏதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுக என்று செயலாளர் அன்புக் கட்டளை இட்டார். பொருளை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டார். தமிழ் விழாவில் தமிழ்ப் புலவரைப் பற்றிப் பேசுவதே மரபு. அம்மரபைச் சிறிது நெகிழ்த்து, நாம் வாழும் இந்த வங்க மாநிலத்தின் வட எல்லையிலும், அதற்கு அப்பால் சிக்கிம் நாட்டிலும் வாழும் ஒரு சிறு மக்களினத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர்கள் லெப்சாக்கள். தொகையால் மிகச் சிறியவர்கள். ஆயினும் அவர்களுக்கென்று மொழி உண்டு, எழுத்து உண்டு, கதை உண்டு, தெய்வமாகிய மலை உண்டு, தாயாகிய ஆறு உண்டு. இவை ஒவ்வொன்றையும் காத்துக்கொள்ள அவர்கள் படும் பாடும் உண்டு. பிறந்த மண்ணை விட்டு வந்து, மொழியைக் காப்பதற்கென்றே சங்கம் கண்டவர்கள் நாம். அவர்கள் கதை நமக்கு அயலார் கதை ஆகாது.

நாடும் பெயரும்

கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் டார்ஜீலிங் சென்று வராத குடும்பம் அரிது. கோடை விடுமுறையில் சிலிகுரி வழியாக மலை ஏறுகிறோம். டைகர் ஹில் முகட்டில் குளிரில் நடுங்கியபடி நின்று, விடியற்கதிர் பட்டுக் கஞ்சன்ஜங்கா பொன்னாக மாறுவதைக் கண்டு மெய்ம்மறக்கிறோம். தேயிலையும் கம்பளியும் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். அந்த மலையைத் தொன்றுதொட்டுத் தொழுதுவருபவர் யார், அதன் சரிவுகளில் காடு திருத்தி விதை தூவியவர் யார் என்று நாம் கேட்பதில்லை. மலைப்பாதையில் நாம் கடந்து செல்லும் குர்சியாங் என்னும் ஊரின் பெயரே, லெப்சா மொழியில் வெண்ணிற ஆர்க்கிட் மலர் ஒன்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பர். மலரின் பெயரால் ஊரை அழைத்த மக்கள் இன்று அவ்வூரில் சிறுபான்மையினர்.

லெப்சா என்பது பிறர் இட்ட பெயர். பேச்சுத் திருத்தம் இல்லாதவர் என்னும் பழிப்புப் பொருளில் அண்டை நாட்டார் இட்டது அது என்று கூறுவோரும் உண்டு. அவர்கள் தம்மை ரோங் என்றே அழைத்துக்கொள்கின்றனர். முழுப் பெயர் சொல்வதானால், ‘முத்தன்சி ரோங்குப் ரும்குப்’ என்பர். அன்னையின் அன்புக்குரியவர், தெய்வத்தின் பிள்ளைகள் என்பது அதன் கருத்து. தம் நாட்டை ‘மாயேல் லியாங்’ என்று போற்றுகின்றனர். பனிமலையின் அடியில் மறைந்து கிடக்கும் திருநாடு என்று அதனை நாம் விரித்துக் கூறலாம்.

இன்று அவர்கள் சிக்கிமிலும், நம் மாநிலத்தின் டார்ஜீலிங், கலிம்போங் மலைகளிலும் வாழ்கின்றனர். நேபாளத்தின் இலாம் பகுதியிலும், பூட்டானின் தென்மேற்கிலும் சிலர் உளர். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் லெப்சாவைத் தாய்மொழியாகக் கூறியவர் ஐம்பதினாயிரம் பேருக்கும் குறைவு. அவர்கள் அனைவரையும் நம் ஈடன் தோட்ட விளையாட்டரங்கில் அமர்த்தினாலும் இருக்கைகள் மிஞ்சும். இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

சிக்கிமில் 1642ஆம் ஆண்டு பூட்டியா மரபினரான நம்கியால் மன்னர்களின் ஆட்சி தொடங்கியது. அதற்கும் முன்னரே லெப்சாத் தலைவரான தேகோங் தேக் என்பவரும், பூட்டியா முன்னோரான கியே பும்சா என்பவரும் இரத்த உறவு பூண்டு, என்றும் உடன்பிறந்தாராய் இருப்போம் என்று மலைகளைச் சான்று வைத்து ஆணையிட்டனர் என்பது மரபு. காங்டோக்கிற்கு வடக்கே கபி என்னும் இடத்தில், அந்த ஆணையின் நினைவாக நட்ட கற்களை இன்றும் காட்டுகின்றனர். 1835ஆம் ஆண்டு சிக்கிம் மன்னரிடமிருந்து டார்ஜீலிங் மலையை ஆங்கிலக் கும்பெனியார் பெற்றனர். பின்னர்த் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. காடுகள் அரசின் காடுகள் ஆயின. காட்டை எரித்து விதைத்து, நிலம் களைத்தபின் அதனை ஆறவிட்டு வேறிடம் செல்லும் பழைய வேளாண்மைக்கு இடம் இல்லாமற் போயிற்று. உழைப்பை நாடிப் பிற நிலத்தார் பெருந்திரளாக வந்து குடியேறினர். வந்தவரைக் குறை கூறுவதற்கில்லை. பிழைப்பைத் தேடி வந்தவர்கள் அவர்கள். நாமும் அவ்வாறு வந்தவர்களே. ஆனால் இருந்தவர்கள் சிறுத்துப் போனார்கள் என்பது வரலாறு.

எஞ்சிய ஒரு மூலை ஜோங்கு. வட சிக்கிமில், இன்று மங்கன் மாவட்டம் என்று வழங்கும் பகுதியில், கஞ்சன்ஜங்காவின் காலடியில் உள்ள பள்ளத்தாக்கு அது. 1950களில் சிக்கிம் மன்னராட்சி அதனை லெப்சாக்களுக்கே உரிய பகுதியாக ஒதுக்கி வைத்தது. அயலார் அங்கே நிலம் வாங்க இயலாது. உள்ளே செல்வதற்கும் இசைவுச் சீட்டு வேண்டும். 1975ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் சிக்கிம் இந்தியாவின் மாநிலமானது. அதன் பின்னரும் அந்தக் காப்பு நீடிக்கிறது.

இரு நதிகளின் கதை

ஒரு மக்களை அறிய வேண்டுமானால், அவர்கள் தம் குழந்தைகளுக்குச் சொல்லும் கதையைக் கேட்க வேண்டும். லெப்சாக்களின் முதற்றாயும் முதற்றந்தையும் கஞ்சன்ஜங்காவின் தூய பனியை எடுத்துத் தெய்வம் வனைந்த உருவங்கள் என்பது அவர்களின் படைப்புக் கதை. அவர்கள் பெயர் நஸோங்ஞூ, ஃபுதோங்திங். நாம் மண்ணிலிருந்து வந்தோம் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். பனியிலிருந்து வந்தோம் என்று சொல்லும் மக்களின் உள்ளம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது நதிகளின் கதை. டீஸ்டா ஒரு பெண்; ரங்கீத் ஓர் ஆண். இருவரும் காதலர். பனிமலையை விட்டுப் புறப்பட்டுக் கீழே ஓரிடத்தில் கூடுவோம் என்று அவர்கள் பேசிக்கொண்டனர். வழி தெரியாத இருவருக்கும் வழிகாட்டிகள் தேவைப்பட்டனர். டீஸ்டாவுக்கு ஒரு பாம்பும், ரங்கீத்துக்கு ஒரு பறவையும் வழிகாட்ட முன்வந்தன. பாம்பு நெளிந்தாலும் இலக்கை மறவாமல் சென்றது. பறவையோ இங்கே ஒரு பழம், அங்கே ஒரு புழு என்று இரை தேடிப் பறந்து பறந்து திரிந்தது. ஆகவே டீஸ்டா முதலில் வந்து சேர்ந்தாள். ரங்கீத் பிந்தி வந்தான். தனக்கு முன்னரே அவள் வந்து நிற்பதைக் கண்டு வியந்து, ‘நீ எப்பொழுது வந்தாய்?’ என்று கேட்டான். அந்தக் கேள்விதான் டீஸ்டா என்னும் பெயராயிற்று என்று சொல்வோர் உண்டு. பெண்ணுக்குப் பிந்திவிட்டோமே என்னும் நாணத்தால் ரங்கீத் சினந்து, வந்த வழியே திரும்பத் தொடங்கினான். நீர் எதிர்த்து எழுந்தது. ஊர்களும் காடுகளும் மூழ்கின. மக்கள் டெண்டோங் என்னும் மலைமுகட்டில் ஏறி நின்று தெய்வத்தை வேண்டினர். ஒரு பறவையும் அவர்களுக்காக வேண்டிற்று என்பர். வெள்ளம் வடிந்தது. ரங்கீத் மனம் தெளிந்து டீஸ்டாவுடன் கலந்தான்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 8ஆம் நாள் டெண்டோங் மலையை அவர்கள் வழிபடுகின்றனர். திருமண வீடுகளில் இந்த இரு நதிகளின் காதலை நினைவுகூர்கின்றனர். டார்ஜீலிங்கிற்கும் கலிம்போங்கிற்கும் இடையே உள்ள கூடலை நம்மிற் பலர் மேலிருந்து கண்டிருப்பீர்கள். பசிய நீரும் சாம்பல் நிற நீரும் சிறிது தூரம் தனித்தனியே ஓடிப் பின் ஒன்றாகும் காட்சி அது. நமக்கு அது அழகிய காட்சி. அவர்களுக்குத் தம் குலத்தின் திருமணம் நிகழ்ந்த இடம்.

இக்கதையில் ஒரு நுட்பம் உண்டு. ஆற்றின் போக்குக்கு அதனதன் வழி உண்டு. அதனைத் தடுத்தாலும் திருப்பினாலும் வெள்ளம் வரும் என்னும் எச்சரிக்கை அதிலே பொதிந்திருக்கிறது. அது பிற்காலத்தில் எவ்வாறு பேசப்பட்டது என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

மலையும் குடியும்

லெப்சாக்கள் பல குடிகளாகப் பிரிந்தவர்கள். ஒவ்வொரு குடிக்கும் தனக்கென ஒரு மலைமுகடும், ஓர் ஏரியும், உயிர் புகும் வாயில் ஒன்றும் உண்டு. அம்முகட்டிலிருந்தே அக்குடியின் முன்னோர் வந்தனர். இறந்தவரின் உயிர் அந்த வாயில் வழியாகவே திரும்பச் செல்லும். ஜோங்குவில் ஓடும் ரோங்யோங் ஆற்றின் வழியே உயிர்கள் மேல்நோக்கிச் சென்று, கஞ்சன்ஜங்காவின் மடியை அடையும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே அவ்வாறு அவர்களுக்கு வெறும் நீரோட்டமன்று. பிறப்புக்கும் இறப்புக்கும் இடையே உள்ள பாதை.

பனிமலையின் அடியில், மனிதர் கண்ணுக்குப் புலப்படாத மாயேல் என்னும் ஊர் ஒன்று உண்டு என்றும் அவர்கள் கூறுகின்றனர். அங்கே ஏழு இணையர் சாவில்லாமல் வாழ்கின்றனர். காலையில் குழந்தைகள், நண்பகலில் இளையோர், மாலையில் முதியோர், மறுநாட் காலையில் மீண்டும் குழந்தைகள். நெல்லும் தினை வகைகளும் அவர்களிடமிருந்தே உலகுக்கு வந்தன. பருவந்தோறும் வரும் பறவைகளை அவர்களே அனுப்புகின்றனர். அப்பறவைகளின் குரலைக் கேட்டே விதைப்புக் காலத்தை அறிந்தனர் பழங்குடியினர். அறுவடையின் முதற்பலனை மாயேல் ஊராருக்குப் படைத்து நன்றி கூறும் வழிபாடும் உண்டு. பஞ்சாங்கம் தாளில் இல்லாமல் பறவையின் தொண்டையில் இருந்த காலம் அது.

அவர்களின் பூசாரிகள் இருவகையினர். ஒருவர் போங்திங், மற்றவர் முன். முன் ஆகும் பேறு பெண்களுக்கும் உண்டு. நோயையும் இறப்பையும் இவர்களே சடங்கு செய்து கையாள்வர். இறந்தவரின் உயிரை வழி காட்டி அனுப்புவது முன்னின் பெருங்கடமை. பிற்காலத்தில் திபெத்திய பௌத்தம் வந்தது. டார்ஜீலிங், கலிம்போங் பக்கத்தில் கிறித்தவமும் வேரூன்றியது. ஆயினும் ஜோங்குவில் ஒரே வீட்டில், ஒரே துயர நிகழ்ச்சிக்கு லாமாவும் முன்னும் தத்தம் சடங்கைச் செய்வது வழக்கம். ஜெஃப்ரி கோரர் என்னும் ஆங்கிலேயர் 1937ஆம் ஆண்டு ஜோங்குவின் லிங்தெம் என்னும் ஊரில் சில மாதங்கள் தங்கி, 1938ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். சண்டையும் வன்முறையும் அவர்களிடையே மிகக் குறைவு என்பதே அவரை மிகுதியும் வியக்கச் செய்தது.

கஞ்சன்ஜங்காவின் உயரம் 8,586 மீட்டர். உலகில் மூன்றாவது பெரிய சிகரம். 1955ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் ஆங்கில வீரர் இருவர் முதன்முதல் அதன் உச்சியை எட்டினர். ஆனால் உச்சியின் மேல் கால் வைக்கவில்லை. சில அடி கீழேயே நின்றுவிட்டனர். மலையின் புனிதத்தைக் கெடுப்பதில்லை என்று சிக்கிம் மன்னருக்கு அளித்த வாக்கே காரணம். வென்றவர்கள் தலை வணங்கி நின்ற அந்தச் சில அடித் தூரத்தைக் காட்டிலும் உயர்ந்த மலை உலகில் இல்லை என்பேன். 2016ஆம் ஆண்டு கஞ்சன்ஜங்காத் தேசியப் பூங்காவை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இயற்கை, பண்பாடு என்னும் இரண்டு தகுதிகளாலும் அப்பெருமையை அடைந்த முதல் இந்திய இடம் அதுவே. காட்டின் செழுமை ஒரு தகுதி. அக்காட்டைத் தெய்வமாகக் கொண்ட மக்களின் மனம் மற்றொரு தகுதி.

வாழ்வும் தொழிலும்

இனி அவர்கள் வாழும் முறையைச் சுருக்கமாகக் கூறுவேன். பழைய லெப்சா வீடு மரத்தாலும் மூங்கிலாலும் ஆனது. தரையினின்று உயர்ந்து நிற்பது. தூண்களை மண்ணிற் புதைப்பதில்லை. தட்டைக் கற்களின்மேல் நிறுத்துவர். நிலம் நடுங்கினால் வீடு சற்றே அசைந்து நிலைகொள்ளும். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் சிக்கிமை உலுக்கிய 6.9 அளவு நிலநடுக்கத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் அதிர்வு இந்நகரிலும் உணரப்பட்டது. நடுங்கும் மலையில் வாழ்பவர்கள், நடுக்கத்தோடு ஒத்துப்போகும் வீட்டைக் கட்டக் கற்றிருந்தனர்.

ஆழ்ந்த பள்ளத்தாக்குகளைக் கடக்கப் பிரம்பாலும் மூங்கிலாலும் தொங்குபாலம் கட்டுவது அவர்கள் கைவந்த கலை. இரும்பு ஆணி ஒன்றும் இல்லாமல், பிரம்பை முறுக்கிக் கட்டும் அப்பாலங்களைப் பற்றி, 1848ஆம் ஆண்டில் இம்மலைகளுக்கு வந்த ஜோசப் ஹூக்கர் என்னும் தாவர நூல் அறிஞர் எழுதியுள்ளார். அவருக்குக் காடு காட்டியவர்கள் லெப்சாக்களே. செடிகொடிகளுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தவர்கள் அவர்கள். எது உணவு, எது மருந்து, எது நஞ்சு என்று பிரித்து அறிந்திருந்தவர்கள். இடுப்பில் ஒருபுறம் திறந்த மர உறையில் செருகிய நீண்ட கத்தி ஒன்றே அவர்களுக்கு அரிவாளும் கோடரியும் ஆகும். பழங்காலத்தில் தீண்டினால் அரிக்கும் காஞ்சொறி வகைச் செடியின் நாரை நூலாக்கி ஆடை நெய்தனர். ஆடவர் அணியும் கோடிட்ட நெய்தல் ஆடையை ஒரு தோளில் முடிந்து உடுத்துவர்.

உணவில் நமக்கு உறவான தானியம் ஒன்று உண்டு. நம் ஊரில் கூழாகவும் களியாகவும் உண்ணும் கேழ்வரகே அது. அதனை வேகவைத்துப் புளிக்கச் செய்து ‘சீ’ என்னும் மதுவை ஆக்குவர். மூங்கிற் குவளையில் இட்டு, வெந்நீர் ஊற்றி, மூங்கிற் குழலால் உறிஞ்சுவர். தெய்வத்துக்குப் படைக்காமல் அதனைத் தொடுவதில்லை. திருமணமாயினும் இறப்பாயினும் விருந்தாயினும் சீ இல்லாமல் சடங்கு நிறைவுறாது.

அவர்கள் கையில் வந்த செல்வம் பெரிய ஏலக்காய். நம் தாய்மார்கள் பிரியாணிக்கும் மசாலாவுக்கும் வாங்கும் கருமையான, புகைமணம் வீசும் ஏலக்காய் அதுவே. இந்தியாவில் அதனை மிகுதியாக விளைவிப்பது சிக்கிம். மர நிழலில், ஓடைக் கரையில், ஈரச் சரிவில் வளரும் பயிர் அது. ஆல்டர் என்னும் மரத்தை நிழலுக்கு வளர்ப்பர். அம்மரம் தன் வேரால் நிலத்துக்கு உரமூட்டும். காய்களைச் சூளையில் இட்டுப் புகையால் உலர்த்துவர். காட்டை அழிக்காமல் காட்டின் நிழலிலேயே பணம் ஈட்டும் பயிர் இது. ஆனால் நச்சுயிரி நோய்கள் பரவியதால் விளைச்சல் பெரிதும் குறைந்து, பல குடும்பங்கள் இடருற்றன. அந்த இடர்க்காலத்தில்தான் அணைகளின் பேச்சும் வந்தது.

மொழியும் எழுத்தும்

அதற்குமுன், தமிழர் அவையில் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று அவர்களின் மொழி. இமயமலைப் பழங்குடிகளுள் தமக்கென எழுத்து உடையோர் மிகச் சிலர். லெப்சாக்கள் அச்சிலருள் ஒருவர். திகுங் மென் சலோங் என்னும் முன்னோரே அவ்வெழுத்தை ஆக்கினார் என்பது மக்கள் மரபு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சக்தோர் நம்கியால் மன்னர் காலத்தில் திபெத்திய எழுத்தை ஒட்டி எழுந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அவ்வெழுத்தில் ஓர் அழகு உண்டு. நாம் மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைக்கிறோம். அவர்களோ, அசையின் இறுதியில் வரும் மெய்யையே சிறு குறியாக்கி முன்னெழுத்தின் தலையில் சூட்டிவிடுகின்றனர்.

மெயின்வேரிங் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் லெப்சா மொழியில் ஆழ்ந்து, 1876ஆம் ஆண்டு அதன் இலக்கணத்தை இதே கல்கத்தாவில் அச்சிட்டார். அவர் தொகுத்த அகராதி அவர் மறைவுக்குப் பின் 1898ஆம் ஆண்டு வெளிவந்தது. உலக மொழிகளுள் லெப்சாவே மிகத் தொன்மையானது என்று அவர் உறுதியாக நம்பினார். தம் மொழியே முதன்மொழி என்னும் பெருமிதப் பேச்சு நமக்குப் புதிதன்று. ஆகவே நாம் புன்முறுவலோடு அவரை வாழ்த்தி மேலே செல்லலாம். தொன்மை எவ்வளவாயினும் ஆகுக. இன்று அதனைப் பேசும் குழந்தைகள் எத்தனை பேர் என்பதே உயிர்நிலைக் கேள்வி.

யோஹான் வான் மானன் என்னும் டச்சு அறிஞர் ஒருவர் சென்னை அடையாறு நூலகத்தில் பணியாற்றிவிட்டு, டார்ஜீலிங்கிற்கு வந்து, பின்னர் இந்நகரில் வாழ்ந்தார். ஆசியக் கழகத்தின் செயலாளராகவும் விளங்கினார். அவர் லெப்சாச் சுவடிகளைத் தேடித் தேடித் தொகுத்தார். நூற்றெண்பதுக்கு மேற்பட்ட அச்சுவடிகள் இன்று ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் உள்ளன. லெப்சாச் சுவடிகளின் மிகப் பெரிய தொகுதி அதுவே. ஒரு மக்களின் நூற்செல்வம் கடல் கடந்து காக்கப்படுகிறது என்பதில் மகிழ்ச்சியும் உண்டு. அதனை எடுத்து ஓதும் கண்கள் மலைமேல் குறைந்து வருகின்றன என்பதில் வருத்தமும் உண்டு.

ஆயினும் அவர்கள் சோர்ந்து இருக்கவில்லை. சிக்கிமில் லெப்சா ஆட்சிமொழிகளுள் ஒன்று, பள்ளிகளிலும் கற்பிக்கப்படுகிறது. 2008ஆம் ஆண்டு அதன் எழுத்துகள் யூனிகோடு அட்டவணையில் இடம் பெற்றன. இன்று கைப்பேசியிலும் லெப்சா எழுதலாம். கலிம்போங்கைச் சேர்ந்த சோனம் ஷெரிங் லெப்சா என்னும் பெரியார் ஊர் ஊராகச் சென்று பாடல்களையும் இசைக்கருவிகளையும் தொகுத்துக் காத்தார். 2007ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2020ஆம் ஆண்டு மறைந்தார். கலிம்போங், டார்ஜீலிங் மலைகளில் லெப்சாச் சங்கத்தார் இரவுப் பள்ளிகள் நடத்துகின்றனர். பகலில் நேபாளி மொழியிலும் ஆங்கிலத்திலும் படிக்கும் பிள்ளைகள், இருட்டியபின் விளக்கொளியில் அமர்ந்து தம் முன்னோரின் எழுத்தை எழுதிப் பழகுகின்றனர். ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் சங்கக் கூடத்தில் தமிழ் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியப் பெருமக்களே! உங்களுக்கு அங்கே தோழர்கள் இருக்கிறார்கள்.

ஆறும் அணையும்

இப்பொழுது ஆற்றுக்கு வருவோம். டீஸ்டாவிலும் அதன் கிளைகளிலும் வரிசையாக நீர்மின் நிலையங்கள் அமைக்கச் சிக்கிம் அரசு திட்டமிட்டது. அவற்றுட் பல ஜோங்கு நாட்டிலேயே அமைய இருந்தன. மாநிலத்துக்கு வருவாய் வரும், இளைஞருக்கு வேலை கிடைக்கும் என்றனர் ஆதரித்தவர்கள். லெப்சாக்களிலேயே அதனை ஏற்றவர்களும் இருந்தனர். ஏலக்காய் பொய்த்த வீட்டில் வேறு வருவாயை எதிர்பார்ப்பது குற்றமாகாது. எதிர்த்தவர்களோ, எங்கள் முன்னோரின் உயிர் செல்லும் ஆற்றைச் சுரங்கத்துள் செலுத்திவிட்டால் நாங்கள் இறந்தபின் எவ்வழியே செல்வோம் என்று கேட்டனர். ஆயிரக்கணக்கான தொழிலாளர் வந்து தங்கினால் எங்கள் சிறு தொகை கரைந்துபோகும் என்றும் அஞ்சினர். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் நின்ற காலம் அது.

2007ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் லெப்சா இளைஞர்கள் காங்டோக்கில் காலவரையற்ற உண்ணாநோன்பு தொடங்கினர். ஒரு கட்டத்தில் அது 63 நாட்கள் நீடித்தது. பின்னர்ப் பலரும் மாறி மாறி அமர்ந்து, இரண்டாண்டுகளுக்கு மேலாக அறப்போரைத் தொடர்ந்தனர். கல்லெறியவில்லை, யார்மீதும் கை வைக்கவில்லை. 2008ஆம் ஆண்டு ஜோங்குவில் அமையவிருந்த நான்கு திட்டங்களை அரசு கைவிட்டது. சில ஆயிரம் பேரே கொண்ட ஒரு பள்ளத்தாக்கு, பட்டினி கிடந்து பெற்ற வெற்றி அது. ஆனால் அதற்கு வெளியே, சுங்தாங் என்னும் இடத்தில் 1,200 மெகாவாட் ஆற்றலுள்ள டீஸ்டா மூன்றாம் கட்ட அணை எழுந்தது. 2017ஆம் ஆண்டு மின்சாரம் தரத் தொடங்கியது.

2023ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் அதிகாலை. ஐயாயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில், உருகும் பனியால் ஆண்டுதோறும் பெருகிவந்த தெற்கு லோனக் ஏரி உடைந்தது. பாய்ந்து வந்த வெள்ளம் சுங்தாங் அணையை அடித்துச் சென்றது. அணையில் தேங்கிய நீரும் சேர்ந்து டீஸ்டா பொங்கிக் கரைகளை விழுங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அவர்களுள் நம் படைவீரர்களும் உண்டு. ஜோங்குவை வெளியுலகோடு இணைத்த சாங்கலாங் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. வங்கத்தின் டீஸ்டா பஜாரிலும் வீடுகளுக்குள் ஆறு புகுந்தது.

ஏரி உடைந்ததற்கு அணை காரணமன்று. அதனை நாம் தெளிவாகச் சொல்ல வேண்டும். வெப்பம் பெருகிப் பனி உருகியதே அடிப்படைக் காரணம். ஆனால் மேலே இத்தகைய ஏரி வளர்ந்துவருகிறது என்று வல்லுநர்கள் பன்முறை எச்சரித்திருந்தனர். அதன் கீழே தேக்கிய நீர் அழிவைப் பெருக்கியது. இம்மலை இளமலை, நடுங்கும் மலை, சரியும் மலை என்று அங்கு வாழ்பவர் கூறியது மூடநம்பிக்கை அன்று. தலைமுறை தலைமுறையாகக் கண்ட அனுபவம். 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜோங்குவின் மந்தம் அருகே மலை சரிந்து, ஆற்றை மறித்து ஏரியாக்கியதை அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள். ரங்கீத்தின் சினத்தைக் கதையாகச் சொல்லி வந்தவர்களின் சொல்லைத் திட்டம் தீட்டியவர்கள் செவிமடுத்திருக்கலாம். 2025ஆம் ஆண்டு சனவரியில், இடிந்த அணைக்கு மாற்றாக அதனினும் உயர்ந்த கற்காரை அணை ஒன்றைக் கட்ட மத்திய அரசின் மதிப்பீட்டுக் குழு பரிந்துரைத்தது. கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை.

நாம் கொள்ள வேண்டியது

அன்பர்களே! மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இந்த மண்டபத்தின் விளக்கும் விசிறியும் ஒலிபெருக்கியும் எங்கோ ஓர் ஆற்றின் அல்லது ஒரு சுரங்கத்தின் கொடை. ஆனால் அந்தக் கொடைக்கு விலை கொடுப்பவர் யார் என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு. பெருந்தொகையினர் நலம் என்னும் பெயரால் சிறுதொகையினரின் தெய்வத்தையும் நிலத்தையும் அவர்களைக் கேளாமலே கணக்கில் எழுதிவிடுவது அறமாகாது. கேட்க வேண்டும், கேட்டபின் அவர்கள் ‘வேண்டாம்’ என்றால், அச்சொல்லுக்கும் எடை இருக்க வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. ஏழு கோடிக்கு மேற்பட்டோர் பேசும் மொழி நம்முடையது. அதற்கு அரசு உண்டு, பல்கலைக்கழகங்கள் உண்டு, அச்சகங்கள் உண்டு. அவ்வளவு இருந்தும், நம் பிள்ளைகள் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுகிறார்களே என்று நாம் கவலைப்படுகிறோம். அவர்களோ ஐம்பதினாயிரத்துக்கும் குறைந்தவர்கள். இரவு விளக்கில் எழுத்துப் பழகும் அந்த மலைப் பிள்ளைகளை நினைத்தால் நம் சோம்பலுக்கு நாணம் பிறக்க வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த கோடையில் மலை ஏறுபவர்கள் தேயிலையோடு திரும்பிவிடாதீர்கள். கலிம்போங்கில் லெப்சா இசைக்கருவிகளைக் காணுங்கள். டீஸ்டாவும் ரங்கீத்தும் கூடும் இடத்தில் சற்றே நின்று, உடன் வந்த பிள்ளைகளுக்குப் பாம்பும் பறவையும் வழிகாட்டிய கதையைத் தமிழிற் சொல்லுங்கள். அவ்வாறு சொன்னால், அவர்கள் கதையும் வாழும். நம் மொழியும் வாழும்.